திருப்பூர் வட்டார மிதிவண்டி வழிகள்

திருப்பூர் வட்டார மிதிவண்டி வழிகள் என்பன, தமிழ்நாட்டின் மேற்குப் பகுதியில் பின்னலாடைத் தொழிலுக்குப் பெயர்பெற்ற திருப்பூர் நகரையும், அதைச் சூழ்ந்துள்ள அவிநாசி, ஊத்துக்குளி, காங்கேயம், தாராபுரம், பல்லடம், உடுமலைப்பேட்டை ஆகிய ஊர்களையும் இணைக்கும் சாலைகளுள் மிதிவண்டிப் பயணத்திற்கு ஏற்றவையாக விளங்கும் வழிகளைக் குறிக்கும். இவை மிதிவண்டிக்கெனத் தனியாக அமைக்கப்பட்ட பாதைகள் அல்ல. நெடுஞ்சாலைகளும் அவற்றிலிருந்து பிரியும் ஊர்ச் சாலைகளுமே இவ்வழிகளாகப் பயன்படுகின்றன.

இப்பகுதி கொங்கு நாட்டின் நடுவே அமைந்த, மேடும் பள்ளமுமாக அலைபோல் விரியும் நிலமாகும். செங்குத்தான ஏற்றங்கள் இங்கு குறைவு. ஆயினும், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று, மலையேற்றத்திற்கு ஒப்பான உழைப்பை ஓட்டுநரிடம் கோருகின்றது. எனவே இவ்வழிகளில் பயணத்தின் கடினம் தொலைவை மட்டுமன்றி, திசை, மாதம், நேரம் ஆகியவற்றையும் பொறுத்து அமைகின்றது.

நில அமைப்பு

கொங்கு மேட்டுநிலம் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிச் சரிகின்றது. கடல் மட்டத்திலிருந்து கோயம்புத்தூர் ஏறத்தாழ 410 மீட்டர் உயரத்திலும், திருப்பூர் ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்திலும், காவிரிக்கு அருகிலுள்ள கரூர் ஏறத்தாழ 120 மீட்டர் உயரத்திலும் அமைந்துள்ளன. நொய்யல், அமராவதி ஆகிய ஆறுகள் மேற்குத் தொடர்ச்சி மலையில் தோன்றி, இச்சரிவின் வழியே ஓடிக் காவிரியில் கலக்கின்றன. இவற்றிற்கு இடைப்பட்ட நிலத்தை உப்பாறு, வட்டமலைக்கரை ஓடை போன்ற சிறு நீரோடைகள் அரித்துள்ளன.

இவ்வமைப்பினால் சாலைகள் இரு வகையாகின்றன. கிழக்கு மேற்காகச் செல்லும் சாலைகள் பெரும்பாலும் ஆற்றுப் போக்கை ஒட்டி அமைவதால், அவற்றின் ஏற்ற இறக்கம் மென்மையானது. வடக்குத் தெற்காகச் செல்லும் சாலைகளோ ஓடைகளையும் அவற்றிற்கு இடையிலுள்ள மேடுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்கின்றன. ஆகையால் ஓட்டுநர் அடிக்கடி இறங்கி ஏற வேண்டியுள்ளது. ஒவ்வோர் ஏற்றமும் சிறியதாயினும், நாள் முழுவதும் சேரும்போது உடலை அவை களைப்படையச் செய்யும்.

கிழக்கு மேற்கு வழிகளின் சிறப்பு முற்காலத்திலேயே அறியப்பட்டிருந்தது. சேர நாட்டுக் கடற்கரையையும் சோழ நாட்டையும் இணைத்த பழைய வணிகப் பாதை பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொங்கு நாட்டைக் கடந்தது. அப்பாதையில் நொய்யல் கரையில் அமைந்திருந்த கொடுமணல், மணிகள் செய்தலுக்கும் இரும்பு உருக்குதலுக்கும் பெயர்பெற்ற ஊராக விளங்கியமை அகழாய்வுகளால் தெரியவந்துள்ளது.

காற்றின் பங்கு

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏற்பட்டுள்ள பெரிய இடைவெளி பாலக்காட்டுக் கணவாய் ஆகும். சூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவக்காற்று இவ்விடைவெளியில் குவிந்து, விரைவு மிகுந்து கிழக்கு நோக்கி வீசுகின்றது. "ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்" என்னும் பழமொழி இப்பகுதிக்கு நன்கு பொருந்தும். பல்லடம், உடுமலைப்பேட்டை, தாராபுரம் வட்டாரங்களில் காற்றாலைகள் பெருமளவில் நிறுவப்பட்டதற்கும் இதுவே காரணம்.

காற்றின் தடை, ஓட்டுநர் உணரும் காற்று வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மிகுகின்றது. காற்று இல்லாத நேரத்தில் மணிக்கு 25 கி.மீ வேகத்தில் செல்பவர், 25 கி.மீ வேகக் காற்றை மட்டுமே எதிர்கொள்கின்றார். அவருக்கு எதிராக மணிக்கு 20 கி.மீ வேகத்தில் காற்று வீசுமானால், அவர் உணரும் வேகம் 45 கி.மீ ஆகும். அப்போது தடை மூன்று மடங்கிற்கும் மேலாகின்றது. வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்து 80 கிலோகிராம் எடை எனக் கொண்டால், இக்கூடுதல் தடை 100 மீட்டருக்கு 3 மீட்டர் உயரும் மேட்டில் ஏறுவதற்கு ஏறத்தாழ இணையானது. சமநிலத்திலும் மலையேறுவது போன்ற களைப்பு ஏற்படுவது இதனாலேயே.

போகும்போது கிடைத்த பின்காற்று, திரும்பும்போது உள்ள எதிர்க்காற்றை ஈடுசெய்துவிடும் எனக் கருதுவது தவறு. எடுத்துக்காட்டாக, 20 கி.மீ தொலைவைப் பின்காற்றில் மணிக்கு 30 கி.மீ வேகத்தில் கடக்க 40 நிமிடம் ஆகும். அதே தொலைவை எதிர்க்காற்றில் மணிக்கு 15 கி.மீ வேகத்தில் கடக்க 80 நிமிடம் ஆகும். ஆக, மொத்தச் சராசரி வேகம் 22.5 கி.மீ அன்று, 20 கி.மீ மட்டுமே. எனவே காற்று வலுக்காத விடியற்காலையில் மேற்கு அல்லது தென்மேற்குத் திசையில் புறப்பட்டு, காற்று வலுத்த பின்னர் அதன் துணையுடன் திரும்புவது சிறந்தது.

பருவங்கள்

இப்பகுதி மழைமறைவுப் பகுதியில் இருப்பதால் தென்மேற்குப் பருவத்தில் காற்று மிகுதியாகவும் மழை குறைவாகவும் இருக்கும். அக்டோபர் முதல் திசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்கின்றது. இம்மழைக்குப் பின் புல் நிலங்கள் பசுமையடைகின்றன. திசம்பர் பிற்பகுதி முதல் பிப்ரவரி வரையிலான காலமே நெடும்பயணத்திற்கு மிக ஏற்றது. மார்ச்சு முதல் மே வரை வெயில் கடுமையாக இருப்பதால் காலை 9 மணிக்குள் பயணத்தை முடித்துக்கொள்வது நலம்.

முதன்மை வழிகள்

* வடக்கு வழி: திருப்பூரிலிருந்து திருமுருகன்பூண்டி வழியாக அவிநாசி சென்று, அங்கிருந்து சேவூர், புஞ்சைப் புளியம்பட்டி நோக்கிச் செல்வது. திருமுருகன்பூண்டியிலும் அவிநாசியிலும் தேவாரப் பாடல் பெற்ற சிவன் கோயில்கள் உள்ளன. அவிநாசி வரையிலான சாலை நெரிசல் மிகுந்தது. சேவூருக்குப் பின் அமைதியானது. 2024 ஆம் ஆண்டு தொடங்கி வைக்கப்பட்ட அத்திக்கடவு - அவிநாசித் திட்டத்தின் கீழ் நீர் நிரப்பப்படும் குளம், குட்டைகள் பல இப்பகுதியில் உள்ளன.

* கிழக்கு வழி: திருப்பூரிலிருந்து ஊத்துக்குளி வழியாகச் சென்னிமலை செல்வது. நகரை விட்டு நீங்கும் இடத்தில் நஞ்சராயன் குளம் உள்ளது. இது 2022 இல் பறவைகள் புகலிடமாகவும், 2024 இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. ஊத்துக்குளி வெண்ணெய்க்கும், சென்னிமலை கைத்தறிப் போர்வைக்கும் பெயர்பெற்றவை.

* தென்கிழக்கு வழி: திருப்பூரிலிருந்து காங்கேயம் சென்று, பின் தாராபுரம் அடைந்து, குண்டடம், கொடுவாய் வழியாகத் திரும்புவது. இச்சுற்று 100 கி.மீட்டருக்கும் மேற்பட்டது. இவ்வழியிலேயே கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்கள் காணப்படுகின்றன. கிளுவை வேலி சூழ்ந்து, கொழுக்கட்டைப் புல்லும் இடையிடையே வெள்வேல மரங்களும் கொண்ட இந்நிலங்களில் காங்கேயம் மாடுகளும் செம்மறி ஆடுகளும் மேய்கின்றன.

* தெற்கு வழி: பல்லடம் வழியாக உடுமலைப்பேட்டை சென்று, திருமூர்த்தி அணை அல்லது 1957 இல் கட்டப்பட்ட அமராவதி அணையை அடைவது. பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டக் கால்வாய்களும் காற்றாலைகளும் இவ்வழியில் மிகுதி. ஆடி மாதத்தில் மிகக் கடினமான வழியும் இதுவே. உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே மூணாறு செல்லும் சாலை ஆனைமலைப் புலிகள் காப்பகத்தினூடே செல்வதாலும், யானைகள் நடமாடுவதாலும், வனத்துறையின் விதிகளை அறியாமல் அதில் மிதிவண்டியில் செல்லலாகாது.

நெடுந்தொலைவுப் பயணம்

மிதிவண்டி வழிகளுக்கு உலக அளவில் புகழ்பெற்ற நாடு பிரான்ஸ் ஆகும். அந்நாட்டின் மேடுபள்ளமான நாட்டுப்புறத்தினூடே, பாரிஸ் நகருக்கும் பிரெஸ்ட் நகருக்கும் இடையே சென்று திரும்பும் நிகழ்வு 1891 இல் பந்தயமாகத் தொடங்கியது. இன்று அது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும், சுமார் 1,200 கி.மீ நீளமுடைய, போட்டியற்ற பயணமாக விளங்குகின்றது. இதற்கான உச்சக் கால வரம்பு 90 மணி நேரமாகும். இதில் கலந்துகொள்வோர் முன்னதாக 200, 300, 400, 600 கி.மீ பயணங்களை முடித்திருத்தல் வேண்டும். 200 கி.மீட்டருக்கு 13 மணி 30 நிமிடமும், 600 கி.மீட்டருக்கு 40 மணி நேரமும் வரம்பாகும். இத்தகைய பயணங்கள் கோயம்புத்தூரிலிருந்தும் நடத்தப்பட்டு வருகின்றன. இவற்றில் முந்துவதை விட, வரம்புக்குள் முடிப்பதே இலக்கு. எனவே காற்றை அறிந்து உழைப்பைப் பகிர்ந்தளிப்பது இன்றியமையாதது.

தொழிலும் மிதிவண்டியும்

இச்சாலைகளில் மிதிவண்டி முதலில் பொழுதுபோக்காக அன்றிப் பிழைப்புக்கான ஊர்தியாகவே வந்தது. சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து பனியன் கம்பெனிகளுக்கும் விசைத்தறிக் கூடங்களுக்கும் தொழிலாளர்கள் மிதிவண்டியில் சென்றுவந்தனர். பின்னர் அவ்விடத்தை மோட்டார் இருசக்கர ஊர்திகளும் கம்பெனி வேன்களும் பெருமளவில் பிடித்துக்கொண்டன. தமிழ்நாடு அரசின் விலையில்லா மிதிவண்டித் திட்டத்தினால், பள்ளி மாணவர் இன்றும் இச்சாலைகளில் மிதிவண்டியைப் பயன்படுத்துகின்றனர்.

இடையூறுகள்

* கம்பெனிகள் தொடங்கும் காலை 8 முதல் 9 மணி வரையிலும், வேலை விடும் மாலை வேளையிலும் நகரை ஒட்டிய சாலைகள் நெரிசல் மிகுந்தவை.
* நூல் மூட்டைகளும் துணிகளும் ஏற்றிய சரக்குந்துகள் குறுகிய சாலைகளில் முந்தும்போது மிதிவண்டி ஓரத்து மண்ணில் இறங்க நேர்கின்றது. இரவில் முன்பின் விளக்குகளும் ஒளிதெறிக்கும் உடையும் தேவை.
* வேல முள்ளும் சீமைக்கருவேல முள்ளும் சக்கரங்களைப் பஞ்சராக்குகின்றன. ஊர்களுக்கு இடையே கடைகள் அரிதாகையால், மாற்று டியூபும் காற்றடிக்கும் பம்பும் உடன் எடுத்துச் செல்லுதல் வேண்டும்.
* வெயிற்காலத்தில் காங்கேயத்திற்கும் தாராபுரத்திற்கும் இடையே நிழல் குறைவு.

சுற்றுச்சூழல்

இவ்வழிகள் தொழில் வளர்ச்சியின் விளைவுகளை நேரில் காட்டுபவையாகவும் உள்ளன. பாசனத்திற்காக 1992 இல் நொய்யலின் குறுக்கே கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கியதால் உழவர்களுக்குப் பயனற்றதாயிற்று. 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. அதன் பின்னர், கழிவுநீரை வெளியேற்றாமல் முழுவதும் சுத்திகரித்து மீளப் பயன்படுத்தும் முறையைப் பின்பற்றும் பட்டறைகளே இயங்க இசைவு அளிக்கப்பட்டது.

கொறங்காடுகளில் ஒரு பகுதி வீட்டு மனைகளாக மாறி வருகின்றது. கிளுவை வேலிகள் மறைந்து, சாலைகள் அகலமாக்கப்படுமிடத்து ஊர்திகளின் வேகமும் மிகுகின்றது. காற்றையும் மேட்டையும் பயிற்சியால் வெல்லலாம். விரையும் சரக்குந்துகளுக்கு ஒதுங்க இடமில்லாத சாலையை அவ்வாறு வெல்ல இயலாது. ஆகவே நெடும்பயணம் செல்வோருக்கு மட்டுமன்றி, பள்ளிக்கும் வேலைக்கும் மிதிவண்டியில் செல்வோருக்கும் இவ்வூர்ச் சாலைகளின் ஓரங்கள் பாதுகாப்பாக இருத்தல் இன்றியமையாதது ஆகும்.