பெட்டியில் ஒரு பென்சில்!

கொடைக்கானலுக்குக் கிளம்பியாச்சா? ஸ்வெட்டர், மாத்திரை, முறுக்கு டப்பா எல்லாம் ரெடி. கூடவே ஒரு பென்சிலும் நோட்டும் வையுங்களேன்!

'அய்யோ, எனக்கு வரையவே வராதே!' என்கிறீர்களா? 2016-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வைக் கேளுங்கள். ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் 39 பேரை 45 நிமிடம் இஷ்டம்போல வரையவும், களிமண் பிசையவும் விட்டு, முன்னும் பின்னும் உமிழ்நீரைச் சோதித்தார்கள். ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு, மன இறுக்கத்தில் சுரக்கும் கார்ட்டிசால் குறைந்திருந்தது. வரையத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற வித்தியாசமே இல்லை! சின்ன ஆய்வுதான்... அதை நம்பி பிரஷர் மாத்திரையை நிறுத்திடாதீங்க!

எதை வரைவது? ஏரி, மலை என்று ஆரம்பித்தால் மலைப்பாக இருக்கும். கொடைக்கானலை ஒட்டிய செண்பகனூரில் இருந்த பிரெஞ்சுப் பாதிரியார் லூயி ஆங்லாட், பழனி மலைச் செடிகளை ஒவ்வொன்றாக வாட்டர்கலரில் தீட்டினார். நீங்களும் ஒரே ஒரு இலையை எடுங்கள். நரம்பு எங்கே பிரிகிறது? ஓரம் ரம்பம் மாதிரியா, வழவழப்பா? பார்த்துப் பார்த்துப் போடுங்கள். மூடுபனி இறங்கினால் வாட்டர்கலர் லேசில் காயாது, பென்சிலே போதும்.

ஊர் திரும்பினதும் நோட்டைப் பரணில் போட்டுடாதீங்க. அடுக்களையில் கறிவேப்பிலைக் கொத்து இருக்கே... குக்கர் மூணு விசில் அடிக்கறதுக்குள்ளே ரெண்டு இலை போட்டுடலாம்!