மூக்குக்கு இனிப்பு, நாக்குக்குப் புளிப்பு

நாவும் நிலமும் – 17

போடிநாயக்கனூர் ஏல மையத்தில் திரையில் விலை ஓடத் தொடங்கும் முன்பே வியாபாரிகளின் மூக்கு வேலையில் இறங்கிவிடும். மாதிரி ஏலக்காயை உள்ளங்கையில் கொட்டிப் பச்சை மங்கியிருக்கிறதா, வாய் பிளந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒரு காயை நகத்தால் உரித்து, ஏலரிசியை விரலில் நசுக்கி முகர்வார்கள். 7 மில்லிமீட்டருக்குக் குறையாத பருமன், லிட்டருக்கு 435 கிராம் எடை என்று முதல் தரத்துக்கு அளவுகள் உண்டு. வாசத்தை அளக்க மட்டும் மூக்கை விட்டால் வேறு கருவி இல்லை. 2007இல் மின்னணு ஏலம் வந்தபிறகும் இது மாறவில்லை.

முதலில் கண், அடுத்து மூக்கு, கடைசியில் நாக்கு. உலகின் பல ஊர்களில் இன்று பேசப்படும் ‘சவர் பியர்’ என்ற பழப் புளிப்பு பியரைச் சுவைப்பவர்களும் இதே வரிசையில்தான் போகிறார்கள். சிறு ஆலைகளில் கொஞ்சம் கொஞ்சமாக வடிக்கப்படும் சரக்கு இது. கசப்பை எதிர்பார்த்து வாய் வைப்பவர் முதல் மடக்கில் திகைத்துப்போவார்.

திகைப்புக்குக் காரணம் ஒரு சின்ன உயிர். தயிரை உறைய வைக்கும் லாக்டோபேசிலஸ் குடும்பத்துப் பாக்டீரியா. முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து இறக்கிய இனிப்பு நீரில் இதை விட்டு, 40 டிகிரிச் சூட்டை ஒட்டி ஓரிரு நாள் வைக்கிறார்கள். நீர் புளித்ததும் கொதிக்கவைத்துப் பாக்டீரியாவை அடக்கி, ஆறவைத்து ஈஸ்ட்டைச் சேர்க்கிறார்கள். வழக்கமான பியருக்குக் கசப்பைத் தரும் ஹாப்ஸ் பூ இந்தப் பாக்டீரியாவை வளரவிடாது. அதனால் இங்கே அது பேருக்குத்தான். பழக்கூழ் பெரும்பாலும் கடைசியில் சேரும்.

அந்தக் கட்டத்தில்தான் அதிசயம் நடக்கிறது. பழத்தின் சர்க்கரையை ஈஸ்ட் தின்றுவிடுகிறது; வாசம் தங்கிவிடுகிறது. கோப்பையை முகர்ந்தால் கனிந்த பழம், வாயில் வைத்தால் இனிப்பே இல்லாத புளிப்பு. மூக்கு சொன்னதை நாக்கு மறுக்கிறது.

போடி நாக்குக்கு இந்தப் புளிப்பு அந்நியமில்லை. இரவு நீர் ஊற்றிவைத்த சோற்றில் விடிவதற்குள் வேலை பார்ப்பதும் இதே லாக்டிக் அமிலப் பாக்டீரியா இனம்தான். சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு நீராகாரம் குடித்து வளர்ந்தவருக்கு அந்த மெல்லிய புளிப்பு காலைப்பொழுதின் ருசி. கள்ளும் இதற்கு நெருங்கிய உறவு. பாளையிலிருந்து இறங்கிய சில மணி நேரத்தில் காட்டு ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் சேர்ந்து அதை நுரைக்கவும் புளிக்கவும் வைத்துவிடும். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. போடிமெட்டு தாண்டிக் கேரளத்துக்குள் இறங்கினால் கள்ளுக்கடைகள் சட்டப்படியே நடக்கின்றன.

ஐரோப்பாவில் இந்த மரபு நீண்டது. பிரஸ்ஸல்ஸில் 1900இல் தொடங்கிய கான்டியோன் ஆலையில், கொதித்த பார்லி நீரை அகலமான செப்புத் தொட்டியில் ஊற்றி இரவு முழுக்க ஆறவிடுகிறார்கள். காற்றில் வரும் ஈஸ்ட்டே விதை. பிறகு மரப்பீப்பாயில் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஊறல். அதில் புளிப்புச் செர்ரி. ஜெர்மனியின் லைப்சிக் நகரத்துக் ‘கோஸே’வில் உப்பும் மல்லி விதையும் சேரும். அங்கே 1966இல் கடைசி கோஸே ஆலையும் மூடப்பட்டு, 1980களில் அந்த பியர் மறுபடி உயிர்பெற்றது.

உப்பும் புளிப்பும் சேர்ந்த அந்தக் கோஸேயின் சாயலில் இந்தியாவிலும் ஒன்று உண்டு. புனேயின் கிரேட் ஸ்டேட் ஏல்வொர்க்ஸ் ஆலை, கொங்கணத்துக் கோகம் பழத்தோடு உப்பும் சேர்த்து ‘சால்டட் கோகம்’ என்ற பியரை வடித்தது. கோகம், மேற்குத் தொடர்ச்சி மலையின் குடம்புளிக்குப் பங்காளி. இரண்டும் கார்சீனியா இனம். இரண்டிலும் ஹைட்ராக்சி சிட்ரிக் அமிலம் இருக்கிறது. கேரளத்து மீன்குழம்பில் கிடக்கும் கருத்த சுளையின் புளிப்பை நினைத்துக்கொண்டால், கோகம் பியரின் புளிப்பு பாதி பிடிபட்டுவிடும்.

இதைச் சுவைக்க அவசரம் ஆகாது. முதலில் வெளிச்சத்தில் நிறம் பார்க்க வேண்டும். புளிப்பு மிகுந்த பியரில் நுரை சட்டென்று அடங்கிவிடும்; அது குறையல்ல. கோப்பையை ஒரு சுழற்று சுழற்றி முகர வேண்டும். முதல் மடக்கை வைத்து எதையும் முடிவுகட்டக் கூடாது. பல் கூசும், நாக்கின் ஓரங்களில் எச்சில் ஊறும், அவ்வளவுதான். சுவை விரிவது இரண்டாவது, மூன்றாவது மடக்கில்.

புளிப்பின் வகைகளைப் பிரித்துச் சொல்லத் தமிழிலேயே சொல் இருக்கிறது. மோர்ப் புளிப்பு நாக்கில் உருண்டு இறங்கும். லாக்டிக் அமிலம் தருவது அது. காடிப் புளிப்பு தொண்டையைப் பிடிக்கும். அசிட்டிக் அமிலத்தின் வேலை. இது தூக்கினால் பெரும்பாலும் பாகம் பிசகியது என்று பொருள். மாங்காய்ப் புளிப்பு பழத்திலிருந்தே வருவது. வாந்தியை நினைவூட்டும் நாற்றம் வந்தால் பியூட்ரிக் அமிலம் சேர்ந்துவிட்டது, கொட்டிவிடலாம். பழக்கூழ் நிறைந்த டின்னைக் குளிர்ச்சியில் வைப்பதும் முக்கியம். மிச்சச் சர்க்கரையில் ஈஸ்ட் மறுபடி வேலையைத் தொடங்கினால் டின் உப்பி வெடிக்கும்.

ஐஸாகக் குளிர்ந்த பியரில் வாசம் பாதி ஒளிந்துகொள்ளும். கோப்பையைப் பத்து நிமிடம் மேசையில் விட்டு, ஜில்லிப்பு குறைந்தபின் ஒரு மடக்கு எடுத்தால் பழத்தின் தோல், அதன் துவர்ப்பு, அடியில் ஒரு கரிப்பு என ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். பெங்களூருக்கு வேலைக்குப் போன போடிக்காரர் ஒருவர் அங்கே ஒரு கோகம் கோஸேயை இப்படிப் பொறுமையாகக் குடித்தால், அவருக்கு ஜெர்மனி நினைவுக்கு வராது. மாந்தோப்பில் கல்லில் தட்டி உடைத்து, உப்பில் தொட்டுத் தின்ற பிஞ்சு மாங்காய்தான் வரும்.

(தொடரும்)

அடுத்த வாரம்: 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை