மதுரையா, சிதம்பரமா? ரெண்டு பேருக்கு ரெண்டு நாள் மதுரை

கல்யாணம் ஆன புதுசுல எல்லாரும் கேக்குற கேள்வி ஒண்ணு இருக்கு: "உங்க வீட்டுல மதுரையா, சிதம்பரமா?" மீனாட்சி ஆட்சியா, நடராஜர் ஆட்சியா, யார் பேச்சு செல்லும்னு அர்த்தம். வேலைக்குப் போற ரெண்டு பேர் ஒரு வார இறுதியில ஊர் சுத்தக் கிளம்பினா இந்தக் கேள்வி நிஜமாவே வந்து நிக்கும். ஒருத்தர் லிஸ்ட்ல எட்டு இடம், இன்னொருத்தர் லிஸ்ட்ல எட்டு கடை. எங்க வீட்டுல கூடுதலா ஒண்ணு: மனைவி சைவம், நான் அசைவம். ரெண்டு லிஸ்ட்டையும் முடிச்சே தீரணும்னு ஓடினா, திங்கட்கிழமை ஆபீஸ் போறப்ப ஓய்வும் மிஞ்சாது, நிம்மதியா பேசிக்கிட்டிருந்த ஒரு மணி நேரமும் மிஞ்சாது.

இந்த எபிசோடுல நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். மதுரைக்குப் போறீங்கன்னா, அந்த ஊரோட கடிகாரத்தை முடிவு பண்ண விடுங்க.

ஊரோட டைம்டேபிள்

மீனாட்சி அம்மன் கோயில் விடியற்காலையில திறக்கும். மதியம் 12.30 வாக்குல நடை சாத்தினா, மறுபடி 4 மணிக்குத்தான். அந்த நேரத்துல வெயிலும் சும்மா விடாது. ஆனா ராத்திரி ஆனா ஊர் முழிச்சுக்கும். சும்மாவா தூங்கா நகரம்னு பேரு? அதனால காலை பார்க்க, மதியம் தூங்க, சாயங்காலத்துக்கு மேல சாப்பிட. நாளை இப்படி மூணா பிரிச்சாலே பாதி சண்டை தீர்ந்துடும்.

ஊரோட வரைபடமும் சுலபம். கோயிலைச் சுத்தி சதுரத்துக்குள்ள சதுரமா தெருக்கள்: உள்ளே ஆடி வீதி, அப்புறம் சித்திரை, ஆவணி மூலம், மாசி, கடைசியா வெளி வீதி. ப்ரோக்ராம் எழுதுறவங்களுக்கு லூப்புக்குள்ள லூப்னு சொன்னா புரியும். ரூமை மாசி வீதி பக்கம் எடுத்துட்டா பாதி இடத்துக்கு நடந்தே போயிடலாம். சென்னையிலிருந்து ராத்திரி ரயில்ல வந்தா விடியும்போதே இறங்கிடுவீங்க. அதனால 24 மணி நேரக் கணக்குல ரூம் தருவாங்களான்னு முன்னாடியே கேட்டுக்கோங்க.

முதல் நாள்

குளிச்சுட்டு நேரா கோயில். செல்போனுக்கு உள்ளே அனுமதி இல்ல, வெளியே கொடுத்துட்டுப் போகணும். ரெண்டு பேரும் சேர்ந்தாப்புல போனைத் தொடாம இருக்குற ரெண்டு மணி நேரம் வேற எங்க கிடைக்கும் சொல்லுங்க? அப்புறம் இட்லி, நாலு வகை சட்னி. வெயில் ஏறுறதுக்குள்ள திருமலை நாயக்கர் மகால். 1636-ல கட்டின அரண்மனையில இன்னிக்கு மிச்சம் இருக்குறது கால்வாசிதான்னு சொல்றாங்க. அந்தத் தூண்களுக்குக் கீழே நின்னா, முழுசா எப்படி இருந்திருக்கும்னு மனசு கணக்குப் போடும்.

மதியம் தூக்கம். இதை மட்டும் வெட்டாதீங்க. சாயங்காலம் விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா: ஊற வெச்ச பாதாம் பிசின், சுண்டக் காய்ச்சின பால், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். ராத்திரி மறுபடி கோயிலுக்குப் போனா பள்ளியறை பூஜை. சுந்தரேஸ்வரர் பல்லக்குல கிளம்பி மீனாட்சி சன்னதிக்குப் போவார். தினமும் அவர்தான் போகணும். மதுரையா சிதம்பரமான்னு ஏன் கேக்குறாங்கன்னு அங்க நின்னா புரியும்!

இரண்டாம் நாள்

காலையில ராணி மங்கம்மாள் அரண்மனையில இருக்குற காந்தி அருங்காட்சியகம். காந்தி சுடப்பட்டப்ப உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிந்த துணி அங்க இருக்கு. அவர் முழு உடையை விட்டு அரை ஆடைக்கு மாறினதும் இதே ஊர்லதான். 1921 செப்டம்பர் 22, மேல மாசி வீதியில ஒரு வீட்டு மாடி. முந்தின நாள் நீங்க நடந்த அதே வீதி. சாயங்காலம் வண்டியூர் தெப்பக்குளம், படிக்கட்டுல உக்காந்து காத்து வாங்கலாம்.

வயிறுதான் லிமிட்

நேரத்தை விட வயிறு சீக்கிரம் தீர்ந்துடும். அதனால எங்க விதி: ஒரு கடையில ஒரு பிளேட், ரெண்டு பேர். சைவம் அசைவம்னு பிரிஞ்சிருந்தா, பொதுவா இருக்குறதை முதல்ல எழுதுங்க. இட்லி, ஜிகர்தண்டா, கருப்பட்டியும் சுக்கும் போட்ட பருத்திப்பால். அப்புறம் ஆளுக்கு ஒரு நேரம். தோசை மேல முட்டை, அதுக்கு மேல மட்டன் போட்டு வேக வைக்கிற கறி தோசை என்னோட நேரம். அவங்க நேரத்துல கடையை அவங்கதான் சொல்லுவாங்க, நான் வாயைத் திறக்க மாட்டேன்.

சித்திரைத் திருவிழா சமயத்துல மட்டும் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. ஊரே தெருவுலதான் இருக்கும், ரூம் கிடைக்கிறதே கஷ்டம். அதுக்குத் தனியா ஒரு பயணம் வைங்க.

லிஸ்ட்ல நாலு இடம் விட்டுப்போனா போகட்டும். மதுரை அங்கேயேதான் இருக்கப் போகுது. ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல லீவு கிடைக்கிறதுதான் அபூர்வம், அதை ஆட்டோ பிடிக்க ஓடியே செலவழிக்க வேண்டாம். அடுத்த எபிசோடுல பார்ப்போம்!