பின்சீட்டில் பாப்பா, காலடியில் மைலேஜ்

கோவை அவிநாசி சாலையில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10.1 கி.மீ. நீளத்துக்குப் போகிற மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. அதற்கு ஜி.டி. நாயுடுவின் பெயரை வைத்தது பொருத்தம்தான். இரண்டு பேர் உட்காரும் ஒரு பெட்ரோல் காரை 1952-லேயே உருவாக்கி, அதை 2,000 ரூபாய்க்குத் தர முடியும் என்றவர் அவர். அரசு உரிமம் கொடுக்கவில்லை, கார் தெருவுக்கு வரவில்லை. நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டுகிற கார் வருவதற்கு 1983 டிசம்பர் ஆகிவிட்டது. 796 சிசி, மூன்று சிலிண்டர், மாருதி 800. அந்தக் குட்டி இன்ஜினை வைத்துப் பந்தயக் காரே செய்தார் கோவையின் எஸ். கரிவரதன். ‘ஃபார்முலா மாருதி’ என்று அதற்குப் பெயர். செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

நாயுடுவின் காரில் இரண்டு பேருக்குத்தான் இடம். இன்றைக்கு சிங்காநல்லூரில் ஒரு இளம் தம்பதி வாங்கும் சின்னக் காரில் கொஞ்ச நாளிலேயே மூன்றாவதாக ஓர் ஆள் ஏறிவிடுகிறார். ஏறும்போது எடை மூன்று கிலோ சொச்சம்.

அதுவரை ‘லிட்டருக்கு எவ்வளவு தருது?’ என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்த அப்பாவுக்கு இப்போது இரண்டாவது கவலை வருகிறது. மைலேஜையும் பார்க்க வேண்டும், குழந்தையையும் பார்க்க வேண்டும். நல்ல செய்தி என்னவென்றால், இயற்பியலின் கணக்கில் இந்த இரண்டும் பெரும்பாலும் ஒன்றுதான். பெட்ரோலை மிச்சம் பிடிக்கிற கால்தான் குழந்தையையும் அலுங்காமல் கொண்டுபோகிறது. மூன்று இடங்களில் மட்டும் இரண்டும் தனித்தனி வழியில் பிரிகின்றன. அங்கே சிக்கனத்தை மறந்துவிட வேண்டும்.

ஒரு பிரேக், எட்டு மில்லி

பல்லடத்தில் தலைப்பிரசவம் முடிந்து, மூன்றாம் மாதம் குழந்தையைப் புகுந்த வீட்டுக்கு அழைத்து வருவதாக வைத்துக்கொள்வோம். சூலூர், ஒண்டிப்புதூர் வழியாக சிங்காநல்லூர் முப்பது கிலோமீட்டர் வராது. ஆனால் வழியெல்லாம் சிக்னல், வேகத்தடை, குறுக்கே வரும் பைக்.

ஆட்களோடு சேர்த்து 1,000 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகும்போது அதற்குள் இருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 62 கிலோஜூல். பிரேக்கை மிதித்ததும் அத்தனையும் டிஸ்க்கிலும் டிரம்மிலும் சூடாகிக் காற்றில் போய்விடுகிறது. மறுபடி அதே வேகத்தை எட்ட அவ்வளவு ஆற்றலையும் பெட்ரோலிலிருந்து எடுக்க வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 32 மெகாஜூல் இருக்கிறது. அதில் சக்கரம் வரை வந்து சேர்வது கால் பங்குதான். கணக்குப் போட்டால் ஒரு முறை நின்று கிளம்ப சுமார் 8 மி.லி. பெட்ரோல். குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து ஊற்றும் குட்டிக் குவளையில் முக்கால் அளவு. வேகம் 60 என்றால் 17 மி.லி. ஆகிவிடும். வேகம் ஒன்றரை மடங்கானால் ஆற்றல் இரண்டேகால் மடங்கு.

குழந்தையின் பை, மடக்கு வண்டி, பாட்டி கட்டிக்கொடுத்த சத்துமாவு டப்பா எல்லாம் சேர்த்து 20 கிலோ கூடினால் என்ன ஆகும்? காரின் மொத்த எடையில் அது 2 சதவீதம். பெட்ரோல் செலவு ஒரு சதவீதம் கூடினால் அதிகம். சாமானை இறக்கி வைப்பதைவிட, தேவையில்லாத இரண்டு பிரேக்கைத் தவிர்ப்பது லாபம்.

சிக்னலில் சிவப்பு விழுந்ததை 60 மீட்டர் முன்னாலேயே பார்த்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், 40 கி.மீ. வேகத்திலிருந்து மெதுவாக நின்றுவிடலாம். அப்போது உடம்பு உணரும் விசை புவியீர்ப்பில் பத்தில் ஒரு பங்கு. அதையே கடைசி 12 மீட்டரில் மிதித்து நிறுத்தினால் பாதிப் பங்கு, அதாவது ஐந்து மடங்கு உலுக்கல். நமக்கு அது ஒரு குலுங்கல், அவ்வளவுதான். பிறந்த குழந்தைக்குத் தலை மட்டுமே உடல் நீளத்தில் நாலில் ஒரு பங்கு. பெரியவர்களுக்கு எட்டில் ஒரு பங்கு. அந்தத் தலையைத் தாங்கும் கழுத்தெலும்பு இன்னும் முழுதாக இறுகியிருக்காது.

நியூட்ரல் என்ற பழைய பழக்கம்

இறக்கத்திலும் சிக்னலுக்கு முன்னாலும் கியரை நியூட்ரலில் போட்டு உருட்டினால் பெட்ரோல் மிச்சம் என்று பெரியவர்கள் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். கார்புரேட்டர் காலத்துப் பாடம் அது. இன்றைய இன்ஜெக்‌ஷன் காரில் கணக்கு தலைகீழ். கியரில் இருக்கும்போது காலை எடுத்தால், ஓடுகிற சக்கரமே இன்ஜினைச் சுற்றிவிடுகிறது. அதை உணர்ந்த கணினி எரிபொருள் தெளிப்பதையே நிறுத்திவிடும். வேகம் நன்றாகக் குறைந்த பிறகுதான் மறுபடி தெளிக்கும். நியூட்ரலில் போட்டாலோ, இன்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் குடித்துக்கொண்டேதான் இருக்கும். போதாததற்கு, இன்ஜினின் பிடியும் போய் முழுச்சுமையும் பிரேக் தலையில் விழும்.

விளம்பரத்தில் வருகிற ‘லிட்டருக்கு 24’ ஏன் நம் கையில் கிடைப்பதில்லை என்பதும் இதோடு சேர்ந்த கதை. அந்தச் சான்று சாலையில் எடுப்பதல்ல. உருளைகள் மேல் காரை நிறுத்தி, வகுத்து வைத்த வேக அட்டவணைப்படி ஓட்டி எடுப்பது. ஏசி அணைந்திருக்கும், வேகம் 90-ஐத் தாண்டாது. முக்கியமாக, அங்கே யாரும் குறுக்கே வருவதில்லை.

ஆறு, பத்து, பதினான்காம் வாரத் தடுப்பூசிக்கு இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய்வருவது மைலேஜுக்கு இன்னும் கெடுதல். குளிர்ந்த இன்ஜினில் ஆயில் கெட்டியாக இருக்கும், பெட்ரோலும் கூடுதலாகத் தெளிக்கப்படும். புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கிக்கு 250 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் வேலையே தொடங்கும். கடை, வங்கி, மருந்து எல்லாவற்றையும் அந்த ஒரே பயணத்தில் சேர்த்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

தூளியும் சஸ்பென்ஷனும்

அழுகிற குழந்தை கார் கிளம்பியதும் ஏன் அடங்குகிறது? ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தில் குமி குரோடா குழுவினர் 2022-ல் இதை அளந்து பார்த்தார்கள். அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தபோதும், அசையும் தொட்டிலில் கிடத்தியபோதும் அழுகை குறைந்தது, இதயத் துடிப்பு தணிந்தது. தூக்கி வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தபோது அப்படி நடக்கவில்லை. குழந்தைக்கு வேண்டியிருந்தது அசைவு.

அசைவை உணர்வது உள்காது. அங்கே ஒரு மெல்லிய சவ்வின் மேல் நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்கள் பதிந்திருக்கின்றன. உடம்பு ஆடும்போது அவை பின்தங்கி, அடியில் உள்ள மயிர் செல்களை வளைக்கின்றன. அந்தச் சேதி சீரான தாளத்தில் மூளைக்குப் போனால் தூக்கம் கூடி வருகிறது. ஜெனீவா பல்கலைக்கழகத்தில் பெரியவர்களைக் கட்டிலோடு நான்கு விநாடிக்கு ஒரு முறை ஆட்டிப் பார்த்தபோது, அவர்கள் சீக்கிரம் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போனார்கள். 2019-ல் வந்த ஆய்வு அது.

நம் வீட்டுத் தூளியும் ஓர் ஊசல்தான். விட்டத்திலிருந்து குழந்தை கிடக்கும் இடம் வரை இரண்டு மீட்டர் என்றால், ஒரு முறை போய்வர 2.8 விநாடி. ஊசலின் தாளத்தை முடிவு செய்வது நீளம்தான், எடை அல்ல. அதனால் மூன்று கிலோவிலும் எட்டுக் கிலோவிலும் சேலை ஒரே தாளத்தில் ஆடுகிறது.

சாலையில் சஸ்பென்ஷன் விநாடிக்கு ஒன்று, ஒன்றரை முறை மெல்ல ஏறி இறங்குகிறது. அதன் மேல் மூன்று சிலிண்டர் இன்ஜினின் முனகல். நிமிடத்துக்கு 900 சுற்றில் ஐடிலில் நிற்கும்போது விநாடிக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வெடிப்புகள். இந்தத் தாழ்ந்த ஒலி வெளியே அடிக்கும் ஹாரனைக் கொஞ்சம் மறைக்கிறது. சிங்காநல்லூர் சிக்னலில் கார் நின்றதும் ஊசல் நின்றுவிடும், பாப்பா கண்ணைத் திறக்கும். முன்கூட்டியே காலை எடுத்து, முழுதாக நிற்காமல் ஊர்ந்து பச்சை விழும்போது போய்ச் சேர்கிறவருக்கு எட்டு மில்லியும் மிச்சம், அழுகையும் மிச்சம்.

அதற்காகக் குழந்தையைத் தூங்க வைக்கவே காரை எடுத்துக்கொண்டு சுற்ற வேண்டாம். குழந்தைக்கான சாய்ந்த இருக்கையில் தலை முன்னே தொங்கினால் மூச்சுப்பாதை குறுகும். குறைப்பிரசவக் குழந்தைகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து அதில் படுக்க வைக்கக் கூடாது. வீடு வந்ததும் சமதளத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

மடி போதாது

முதல் பிரிவு இங்கே. சின்னக் காரின் சிக்கனத்துக்குக் காரணம் எடை குறைவு. மோதலில் அதுவே பாதகம். 800 கிலோ காரும் 1,600 கிலோ காரும் நேருக்கு நேர் மோதினால், பெரிய வண்டியின் வேகம் மாறுவதைப் போல இரண்டு மடங்கு சின்ன வண்டியின் வேகம் மாறும்.

பல்லடத்து வாசலில் இந்தப் பேச்சு நிச்சயம் வரும்.

“ஏனுங் மாப்ள, இந்தப் பச்ச மண்ணுக்குத் தனிச் சீட்டு எதுக்குங்? நா மடில வெச்சுப் புடிச்சுக்கறனுங்.”

“கையில புடிக்க முடியாதுங்கத்தை. வேகமா போயி இடிச்சா நூறு கிலோ மூட்டையாட்டம் ஆயிருமுங்.”

மாப்பிள்ளை மிகைப்படுத்தவில்லை. 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் மோதி, அரை மீட்டர் நசுங்கி நின்றால், உள்ளே இருப்பவர் உணர்வது புவியீர்ப்பைப் போல 20 மடங்கு விசை. ஐந்து கிலோ குழந்தையைப் பிடிக்க நூறு கிலோவைத் தாங்கும் பலம் அந்தக் கணத்தில் கைக்கு வேண்டும். எந்தப் பாட்டியின் கையாலும் முடியாது.

சுவீடனின் பெர்டில் ஆல்ட்மன் 1960-களில் கண்ட தீர்வு எளிமையானது. ஜெமினி விண்கலத்தில் வீரர்கள் மல்லாந்து படுத்து முதுகால் விசையை வாங்குவதைப் பார்த்தவர், குழந்தையையும் பின்பக்கம் பார்க்க உட்கார வைத்தார். மோதும்போது தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒன்றாக இருக்கையில் அழுந்தும், கழுத்து மட்டும் தனியாக இழுபடாது. அந்த இருக்கையைப் பின்சீட்டில்தான் வைக்க வேண்டும். முன்சீட்டில் ஏர்பேக் விரிந்தால் அதன் முதுகில் நேராக அறையும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு பெல்ட்டோ உரிய இருக்கையோ இல்லாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. 2023-ல் தொடங்கிய பாரத் என்கேப் மோதல் சோதனையிலும் ஒன்றரை வயது, மூன்று வயது பொம்மைகள் பின்சீட்டில் உட்காருகின்றன. கார் வாங்கும்போது மைலேஜோடு அந்த மதிப்பெண்ணையும் கேட்கலாம்.

ஏசியில் கஞ்சத்தனம் வேண்டாம்

இரண்டாவது பிரிவு வெயில். குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும். மூடிய காரில் வெப்பம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி ஏறுவதாகவும், அதில் பெரும்பகுதி முதல் அரை மணிக்குள்ளேயே ஏறிவிடுவதாகவும் அமெரிக்காவில் 2005-ல் வெளியான ஆய்வு காட்டியது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசமில்லை. ஒரு நிமிடம் கடைக்குப் போய்வருவதாக இருந்தாலும் குழந்தையைக் காரில் விடக் கூடாது.

கிளம்பும் முன் கதவுகளைத் திறந்து சூட்டை வெளியேற்றிவிட்டு ஏசியைப் போட்டால் அதன் வேலை குறையும். மைலேஜுக்கு அவ்வளவு சலுகை போதும். பெல்ட்டின் உலோகக் கொக்கியைத் தொட்டுப் பார்த்த பிறகே மாட்ட வேண்டும். இன்னொரு நுணுக்கம்: பல்லடத்திலிருந்து வரும்போது கார் மேற்கே போகிறது, குழந்தையோ பின்னால் கிழக்கைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. காலையில் கிளம்பினால் பின்கண்ணாடி வழியாக வெயில் நேரே அதன் முகத்தில் விழும். மாலையில் அந்தத் தொல்லை இல்லை.

பதினேழு மணி நேரம்

மூன்றாவது பிரிவு, ஓட்டுகிறவரின் தூக்கம். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் அளவுக்குக் குறைந்துவிடுவதாக 1997-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு சொன்னது. நம் சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பு 0.03 சதவீதம்தான். இரவெல்லாம் தூளி ஆட்டிய அப்பா, ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமல், குடித்தவர் நிலையில் காலையில் சாவியை எடுக்கிறார். 60 கி.மீ. வேகத்தில் மூன்று விநாடி கண் செருகினால் கார் 50 மீட்டர் தானாக ஓடியிருக்கும். காபியும் பாட்டும் அதைக் கொஞ்ச நேரம் தள்ளிப்போடும், தீர்க்காது. அன்றைக்கு மச்சானை ஓட்டச் சொல்லலாம், இல்லையென்றால் ஓர் ஆக்டிங் டிரைவரைக் கூப்பிடலாம். ஒரு மாதம் பிரேக்கில் மிச்சம் பிடித்த காசு அத்தனையும் அவருடைய ஒரு நாள் சம்பளத்தில் போய்விடும். போகட்டும்.