சீட்டுப் பணத்தில் எழுந்த டோனட் கடைகள்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பொழுது விடியுமுன் திறக்கும் டோனட் கடைகளில் கல்லாவில் அமர்ந்திருப்பவர் பெரும்பாலும் கம்போடிய வம்சாவளியினராகவே இருப்பார். டோனட் கம்போடியப் பண்டம் அல்ல. போரில் நாடிழந்து வந்த மக்களிடம் இத்தொழில் சேர்ந்ததற்குக் காரணம் சுவையன்று, கணக்கு.

1975 ஏப்ரல் 17 அன்று கெமர் ரூஜ் படையினர் நாம் பென் நகரைக் கைப்பற்றினர். அந்த ஆண்டு அகதியாக அமெரிக்கா சென்ற டெட் ஙோய், தேவாலயம் ஒன்றில் துப்புரவுப் பணியும் இரவில் பெட்ரோல் நிலையத்தில் வேலையும் பார்த்தார். பின்னர் விஞ்செல்ஸ் நிறுவனத்தில் டோனட் தயாரிப்புப் பயிற்சி பெற்று, 1977-இல் லா ஹப்ரா நகரில் ஒரு கடையை வாங்கினார். 1980-களின் நடுவில் அவரிடம் சுமார் 50 கடைகள் இருந்தன. பின்னால் வந்த அகதிக் குடும்பங்களுக்குத் தொழிலைக் கற்றுக்கொடுத்து, அக்கடைகளைக் குத்தகைக்கு விட்டார். குத்தகைக்கு எடுத்தவர்கள் நாளடைவில் சொந்தக் கடை வைத்தனர். தம் உறவினரையும் பழக்கினர்.

விற்கும் பண்டங்கள் சில. சில வாரங்களில் கற்றுக்கொள்ளலாம். வாடிக்கையாளரிடம் பேச நூறு ஆங்கிலச் சொற்கள் போதும். இப்பகுதியின் அடையாளமாகிவிட்ட இளஞ்சிவப்பு அட்டைப்பெட்டிகூட, வெள்ளைப் பெட்டியைவிடச் சில காசுகள் மலிவு என்பதால் வந்தது என்கிறார்கள்.

முதலீடு எங்கிருந்து வந்தது? கடன் வரலாறு இல்லாதவருக்கு வங்கி கடன் தராது. அவர்களுக்குக் கைகொடுத்தது ‘தோங் தின்’. நம் ஏலச்சீட்டின் உடன்பிறப்பு அது. உறுப்பினர்கள் மாதந்தோறும் ஒரு தொகை போடுவர். அதிக வட்டி தர முன்வருபவர் அம்மாதத் தொகையை எடுத்துக்கொள்வார். கொரியர்களின் ‘கே’, எத்தியோப்பியர்களின் ‘எக்குப்’, பிரிட்டனில் குடியேறிய ஜமைக்கர்களின் ‘பார்ட்னர்’ ஆகியனவும் இவ்வகையே. சொத்து ஈடு கிடையாது. பெயர் கெட்டுவிடும் என்ற அச்சமே பிணை. ஒருவர் தலைமறைவானால் மற்றவர் சேமிப்பு கரையும். எழுத்தில் சான்றில்லாத பணத்துக்கு நீதிமன்றம் ஏறுவதும் எளிதன்று.

குடியேறிகளுக்குத் தொழில்முனைவு இரத்தத்திலேயே ஊறியது என்று பாராட்டுவோர் உண்டு. அப்பாராட்டில் ஒரு வசதியான மறதி இருக்கிறது. தாய்நாட்டில் ஆசிரியராகவோ அலுவலராகவோ இருந்தவரின் சான்றிதழ் புதிய நாட்டில் செல்லாது. மொழி தெரியாமல் அலுவலக வேலையும் கிடைக்காது. மற்ற கதவுகள் அடைபட்ட நிலையில் பலர் கடை வைக்கிறார்கள். நள்ளிரவுக்குப் பின் மாவு பிசையும் கணவன், விடியலில் கல்லாவுக்கு வரும் மனைவி, பள்ளி முடிந்ததும் பெட்டி மடிக்கும் பிள்ளைகள்: இவர்களுடைய கூலி எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை. அதைச் சட்டப்படியான ஊதியமாக எழுதினால் பல கடைகளின் இலாபம் காணாமல் போகும்.

ஙோய் சூதாட்டத்தில் தம் செல்வத்தை இழந்தார். அவர் வீழ்ந்தபின்னும் கடைகள் நிலைத்தன. அறிவும் பணமும் கைமாறும் வழிகள் அதற்குள் அவரைச் சாராமல் இயங்கத் தொடங்கியிருந்தன.

இப்போதைய கேள்வி வாரிசு பற்றியது. பிள்ளைகள் இந்த அடுப்படிக்கு வரக்கூடாது என்பதற்காகவே பெற்றோர் பலர் உழைத்தனர். பிள்ளைகளும் படித்து வேறு வேலைகளுக்குப் போய்விட்டனர். சிலர் மட்டும் திரும்பிவந்து, சமூக ஊடகங்களில் புதுவகை டோனட்டுகளை விளம்பரப்படுத்திக் கடையை நடத்துகின்றனர். மற்ற கடைகளில் எழுபதை நெருங்கும் தம்பதியர் இன்னமும் நள்ளிரவில் மாவு பிசைகின்றனர்.