அவசர ஊர்தியும் சீட் பெல்ட்டும்: சில விளக்கங்கள், சில வேண்டுகோள்கள்

 

சென்ற மாதம் ஒரு பின்னிரவில் நமது அறக்கட்டளையின் ஆம்புலன்ஸ், பிரசவ வலி கண்ட ஒரு சகோதரியை ஏற்றிக்கொண்டு தஞ்சைக்குச் சென்றது. ஒரத்தநாட்டைத் தாண்டிய பிறகு சாலையின் குறுக்கே ஒரு மாடு வந்துவிட்டது. ஓட்டுநர் பிரேக்கை அழுத்தினார். வண்டி எதிலும் மோதாமல் நின்றது. அல்ஹம்துலில்லாஹ், தாயும் பிள்ளையும் இன்று நலமாக இருக்கிறார்கள். ஆனால் பின்பக்கத்தில் நோயாளிக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நம் தன்னார்வலத் தம்பி முன்னால் வீசப்பட்டு, மருந்து அலமாரியின் விளிம்பில் மோதினார். நெற்றியில் ஆறு தையல். இன்னும் சற்றுக் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும்.

மறுநாள் வண்டியைப் பார்த்தோம். அந்தப் பெஞ்சில் சீட் பெல்ட் இல்லாமல் இல்லை. சென்ற ரமலானுக்கு முன் புது ரெக்சின் உறை போட்டபோது அதற்கு அடியில் போய்விட்டிருந்தது. உறை போடச் சொன்னவர்களும் நாம்தான். போட்ட பிறகு பார்க்காமல் விட்டவர்களும் நாம்தான். நம்மை நம்பித் தங்கள் பிள்ளைகளைச் சேவைக்கு அனுப்பும் பெற்றோரிடம் இதை மறைக்க நமக்கு உரிமை இல்லை. எனவே இந்த இதழில் இதைப் பற்றி விரிவாக எழுதுகிறோம்.

மோதாமலே அடிபடுவது எப்படி?

வண்டி மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும்போது உள்ளே இருப்பவரும் அதே வேகத்தில்தான் போகிறார். பிரேக் வண்டியை நிறுத்துகிறது; உள்ளே இருப்பவரை நிறுத்த எதுவும் இல்லை. பெல்ட், கம்பி, சுவர், இவற்றில் ஏதாவது ஒன்று அவரை நிறுத்தியே ஆகவேண்டும். 60 கி.மீ. வேகத்தில் ஒரு கெட்டியான பொருளில் மோதுவது, சுமார் 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நான்கு மாடிக்கு மேலிருந்து கீழே விழுவதற்குச் சமம். 40 கி.மீ. வேகத்தில் என்றால் இரண்டு மாடி. "டவுனுக்குள்தானே, மெதுவாகத்தானே போகிறோம்" என்று பெல்ட்டை விட்டுவிடுபவர்கள் அந்த இரண்டு மாடியை நினைத்துப் பார்க்க வேண்டும்.

வேகம் இரட்டிப்பானால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடி நிற்கும் தூரம் நான்கு மடங்காகிறது. மழை பெய்த சாலையிலும், நெல் காயப்போட்ட சாலையிலும் அந்தத் தூரம் மேலும் கூடும்.

ஆம்புலன்ஸின் பின்பகுதி முன்சீட்டை விட ஆபத்தானது. அங்கே இருப்பவர் பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பார். சாலை அவர் கண்ணுக்குத் தெரியாது. பிரேக் விழப்போவதை முன்கூட்டி அறிய மாட்டார். நோயாளியின் கையைப் பிடித்தபடி, குளுக்கோஸ் பாட்டிலைத் தூக்கியபடி எழுந்து நிற்பார். சரியாகக் கட்டப்படாத ஆக்ஸிஜன் சிலிண்டரும் அதே அறையில்தான் இருக்கிறது. திடீரென்று வண்டி நின்றால் கட்டாத மனிதரும் கட்டாத சிலிண்டரும் நோயாளியின் மேலேயே விழக்கூடும். ஆக, தன்னார்வலர் பெல்ட் போடுவது நோயாளிக்கும் பாதுகாப்பு.

தீயணைப்பு வீரர்களின் அனுபவம்

இது நமக்கு மட்டும் வந்த பிரச்சினை இல்லை. அமெரிக்காவில் தீயணைப்பு வீரர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். அழைப்பு வந்ததும் வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடுபவர்கள், நம் தம்பிகளைப் போலத்தான். அங்கே பணியில் இறக்கும் தீயணைப்பு வீரர்களின் மரணக் காரணங்களில் முதலிடம் மாரடைப்புக்கு. அதற்கு அடுத்து நீண்ட காலமாக வருவது வாகன விபத்து. நெருப்பைத் தேடிப் போனவர்களில் சிலர் நெருப்பைப் பார்க்காமலே சாலையில் இறந்திருக்கிறார்கள்.

2005-ஆம் ஆண்டு டெக்சாஸ் மாநிலத்தின் அமரில்லோ நகரில், அழைப்புக்குப் போய்க்கொண்டிருந்த தீயணைப்பு வண்டியிலிருந்து ஓர் இளம் வீரர் சாலையில் விழுந்து, அந்தக் காயத்தால் இறந்தார். அவர் பெல்ட் போட்டிருக்கவில்லை. அதன்பின் அந்நாட்டு வீரர்களிடையே "பெல்ட் போடாமல் வண்டி நகராது" என்ற உறுதிமொழி பரவியது. அந்த வீரரின் பெயராலேயே அது வழங்கப்படுகிறது. ஒருவரின் மரணத்திலிருந்து அவர்கள் கற்றதை நாம் ஆறு தையலோடு கற்றுக்கொள்ள அல்லாஹ் வாய்ப்புத் தந்திருக்கிறான்.

வேகத்தால் கிடைப்பது எவ்வளவு?

நம்மூரிலிருந்து தஞ்சைக்குச் சுமார் 60 கி.மீ. சராசரி 60 கி.மீ. வேகத்தில் போனால் ஒரு மணி நேரம். சராசரியை 70-ஆக உயர்த்தினால் 51 நிமிடம். மிச்சம் 9 நிமிடம். ஆனால் பட்டுக்கோட்டைக் கடைத்தெருவும் ஒரத்தநாடு பேருந்து நிறுத்தமும் வேகத்தடைகளும் உள்ள பாதையில் சராசரியை அப்படி உயர்த்துவது எளிதல்ல. காலி இடத்தில் 100-ஐத் தொட்டாலும் அடுத்த ஊரில் நின்றுதான் ஆகவேண்டும். கையில் மிஞ்சுவது மூன்று நான்கு நிமிடம். அதற்கு விலையாக வண்டியில் உள்ள அத்தனை பேரின் உயிரையும் பணயம் வைக்கிறோம்.

நிமிடங்கள் உண்மையில் வீணாவது வீட்டில்தான். நெஞ்சு வலி வந்து, "வாயுவாக இருக்கும்" என்று ஒரு மணி நேரம் கழித்து அழைக்கிறோம். வண்டி வாசலுக்கு வந்தபின் மருத்துவக் கோப்பைத் தேடுகிறோம். யார் யார் ஏறுவது என்று பேசிப் பத்து நிமிடம் போகிறது. சந்தில் நிற்கும் பைக்கின் சாவி யாரிடம் என்று தெரியாமல் ஐந்து நிமிடம் போகிறது. இந்தக் கால் மணி நேரத்தைச் சாலையில் ஈடுகட்ட ஓட்டுநரால் முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் சாலையில் முன்னுரிமை உண்டு. 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டப்படி வழிவிடாதவருக்கு 10,000 ரூபாய் அபராதம் உண்டு. உயிர் காக்கும் அவசரத்தில் சைரனும் விளக்கும் போட்டுக்கொண்டு சிவப்பு விளக்கைக் கடக்கவும் வேக வரம்பை மீறவும் 2017-ஆம் ஆண்டு ஓட்டுநர் விதிமுறைகள் இடம் தருகின்றன. ஆனால் அது ஓட்டுநரின் சொந்தப் பொறுப்பில், உரிய கவனத்தோடு மட்டுமே. சைரன் என்பது வழி கேட்பது. வழி கிடைத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசி போட்டுப் பாட்டுக் கேட்பவருக்கு நம் சைரன் கேட்பதே கடைசி நொடியில்தான்.

மார்க்கத்தின் வழிகாட்டல்

"அல்லாஹ் பாதுகாப்பான், பெல்ட் எதற்கு?" என்று சொல்லும் சகோதரர்கள் உண்டு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதா, அவிழ்த்துவிட்டு வைப்பதா என்று கேட்டவருக்கு, கட்டிவிட்டு வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி திர்மிதியில் இருக்கிறது. நம் காலத்து வாகனத்தின் கயிறு இந்த பெல்ட்தான்.

இகாமத் கேட்டாலும் ஓடி வராமல் அமைதியாக நடந்து வரும்படி நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. தொழுகையை விட அவசரமானது எது? அங்கேயே நிதானம் வேண்டும் என்றால் சாலையில் வேண்டாமா? ஜனாஸாவை விரைவுபடுத்தச் சொல்லும் ஹதீஸைக் காட்டி ஜனாஸா வண்டியை விரட்டச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அடக்கத்தைத் தேவையின்றித் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கான வழிகாட்டலைச் சாலையில் இன்னொரு ஜனாஸாவை உண்டாக்கப் பயன்படுத்தலாமா? வஃபாத்தானவரை ஏற்றி வரும்போது சைரனும் தேவையில்லை, வேகமும் தேவையில்லை.

நிர்வாகக் குழுவின் முடிவுகள்

1. வண்டியில் உள்ள அனைவரும் பெல்ட் போட்ட பிறகே வண்டி நகரும். முன்சீட்டில் உட்காரும் உறவினருக்கும் இது பொருந்தும்.

2. நோயாளியின் ஸ்ட்ரெச்சர் பூட்டப்பட்டு, மார்பு, இடுப்பு, கால் பட்டைகள் மாட்டப்பட வேண்டும். சிலிண்டரின் பட்டையும் ஒவ்வொரு முறையும் பார்க்கப்படும்.

3. பின்பக்கத்தில் எழுந்து நின்று ஏதாவது செய்ய வேண்டியிருந்தால் முதலில் ஓட்டுநரிடம் சொல்ல வேண்டும். அவர் வேகத்தைக் குறைத்த பிறகு எழ வேண்டும். முடிந்ததும் மீண்டும் பெல்ட்.

4. சிவப்பு விளக்கிலும் நாற்சந்தியிலும் வண்டி நின்று, இரு பக்கமும் பார்த்த பிறகே கடக்கும்.

5. இரவு முழுவதும் விழித்திருந்தவர் நெடுந்தூரம் ஓட்ட மாட்டார். தஞ்சைக்கு அப்பால் போக வேண்டியிருந்தால் இரண்டு ஓட்டுநர்கள் செல்வார்கள். நோன்பு காலத்தில் இஃப்தாருக்கு ஊர் திரும்புவதற்காக யாரும் விரைய வேண்டாம். வண்டியில் பேரீச்சம்பழமும் தண்ணீரும் வைக்கப்படும்.

6. குடிசை தீப்பற்றியது என்று கேட்டதும் ஒரே பைக்கில் மூன்று பேராக, ஹெல்மெட் இல்லாமல் விரையும் தம்பிகளுக்கும் இதுவே வேண்டுகோள். முதலில் 101-ஐ அழையுங்கள். பிறகு பத்திரமாகப் போய்ச் சேருங்கள்.

ரெக்சின் உறை பிரிக்கப்பட்டு, பெல்ட்டுகள் எல்லாம் வெளியே எடுக்கப்பட்டுவிட்டன. பழுதான ஒன்று மாற்றப்பட்டது.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை

"காக்கா, கொஞ்சம் வேகமா போங்க!" என்று பின்னாலிருந்து கேட்கும் குரல்தான் ஓட்டுநரின் காலை அழுத்துகிறது. உம்மாவோ வாப்பாவோ மூச்சுத் திணறிக் கிடக்கும்போது அப்படிச் சொல்லாமல் இருப்பது கடினம் என்பது நமக்கும் தெரியும். நாமும் அந்தச் சீட்டில் உட்கார்ந்து வந்தவர்களே. இருந்தாலும் கேட்டுக்கொள்கிறோம்: அந்த நேரத்தில் ஓட்டுநரிடம் பேசாதீர்கள், துஆ செய்யுங்கள். உடன் வர இருவருக்கு மேல் ஏறாதீர்கள். வீட்டில் மருத்துவக் கோப்பு, மருந்துப் பட்டியல், ஆதார், காப்பீட்டு அட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கதவருகே மாட்டி வையுங்கள். வண்டிக்கு அழைத்ததும் ஒருவர் தெருமுனைக்குப் போய் வழியைச் சரி செய்யட்டும். இன்னொருவர் மருத்துவமனைக்குத் தகவல் சொல்லட்டும்.

அடிபட்ட அந்தத் தம்பி தையல் பிரித்த மறுவாரமே பணிக்குத் திரும்பிவிட்டார். அவருடைய உம்மா நம் அலுவலகத்துக்கு வந்து, "அவனைப் போக வேண்டாம்னு சொல்ல மாட்டேன். ஆனா கட்டிக்கிட்டுப் போகச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தப் பிள்ளை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அந்த உம்மாவுக்கு நாம் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற நீங்களும் உதவ வேண்டும்.

நோயாளிகளுக்கு ஷிஃபாவையும், சேவை செய்யும் நம் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பையும் அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.

செயலாளர், நிர்வாகக் குழு சார்பாக