ஜிகர்தண்டாவுக்குள் ஒரு கடற்கரை

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடிக்கிறோம். சில கடைகளில் பாதாம் பிசின் போடுவார்கள், சில கடைகளில் கடல்பாசி. மதுரைக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு என்று யாராவது கேட்டால் நான் அந்தக் கிளாஸைத்தான் காட்டுவேன். மன்னார் வளைகுடாவில் எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் காய்ந்து, மூட்டையாகி, மதுரையைச் சுற்றியுள்ள ஆலைகளுக்குத்தான் காலங்காலமாக வருகின்றன. அங்கே அகர் ஆகின்றன; கிளாஸில் விழும் கடல்பாசி அதுதான்.

அதை எடுப்பவர்கள் ராமநாதபுரம் கரையின் பெண்கள். கண்ணில் நீச்சல் கண்ணாடி. பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணிச்சுற்று. காலில் துடுப்பு போலக் கட்டிய தகடு. மூச்சை அடக்கி முங்கி, கைக்கு அகப்பட்டதைப் பறித்து இடுப்புப் பையில் திணித்துக்கொண்டு மேலே வருவார்கள். மறுபடி முங்குவார்கள்.

1986-இல் அங்குள்ள 21 தீவுகள் தேசியப் பூங்காவாயின. பவளப்பாறையைக் காக்க அது தேவைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பாட்டி காலத்திலிருந்து போய்வந்த தீவோரம் அந்தப் பெண்களுக்குத் தடைப்பகுதியானது. பிறகு அவர்களே கூடிப் பேசி, இரும்புச் சுரண்டியைக் கைவிட்டார்கள். மாதத்தில் பாசி எடுக்கும் நாள்களையும் குறைத்துக்கொண்டார்கள். பாசி மறுபடி வளர்ந்தால்தான் பிழைப்பு என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

டெல்லியின் கடற்கரைக் கொள்கை இவர்களிடம் பாடம் கேட்டிருக்கலாம். 1991-இல் வந்த கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, உயர் ஓதக்கோட்டிலிருந்து 500 மீட்டர்வரை கட்டுப்பாடு வைத்தது. 2008-இல் அதை மாற்ற ஒரு வரைவு வந்தது. வேளாண் விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதன் குழுவின் பரிந்துரையிலிருந்து பிறந்த வரைவு அது. மீனவர்கள் நாடெங்கும் எதிர்த்தார்கள். மறுபரிசீலனைக்கு அமைத்த குழுவுக்கும் சுவாமிநாதனே தலைவர். எதிர்ப்பைக் கேட்ட அவர், அந்த வரைவைக் கைவிடச் சொன்னார். இந்த வரலாற்றிலேயே நான் பெரிதும் மதிக்கும் இடம் இதுதான். 2011-இல் புதிய அறிவிக்கை வந்தது.

2019 அறிவிக்கையோ சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்குமேல் வாழும் ஊரகக் கரைகளில் கட்டடத் தடையை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருக்கியது. மணலில் தற்காலிகச் சுற்றுலா வசதிகளுக்கும் இடம் கொடுத்தது. கரையை நெருக்கிக் கட்டடம் வந்தால் வலை உலர்த்தவும் படகு ஏற்றவும் எங்கே போவார்கள்? மீனவர் ஊர்களையும் பொது இடங்களையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்று அதே அறிவிக்கை சொல்கிறது. ஆனால் 2023-இல் தமிழ்நாட்டின் வரைவு வரைபடங்கள் கருத்துக்கேட்புக்கு வந்தபோது, அந்த ஊர்களும் இடங்களும் விடுபட்டிருப்பதாக மீனவர்கள் கொதித்தார்கள். வரைபடத்தில் இல்லாத இடத்துக்கு நாளை எந்த அலுவலகமும் பொறுப்பேற்காது.

ராமநாதபுரம், தூத்துக்குடி, கன்னியாகுமரிக் கரைகளின் வழக்குகள் 2004 முதல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு வருகின்றன. ராமநாதபுரம் கரையின் பாம்பனிலிருந்து மதுரைக்கு ஏறக்குறைய 160 கிலோமீட்டர். ஒருநாள் வருமானத்தை விட்டுவிட்டு வரும் பெண், தான் பாசி காயப்போடும் மணல்திட்டை அந்த வரைபடத்தில் விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும்.